ஏலக்காய்ப் பச்சையும் வர்ணப் பிலிமும்

சென்ற ஆவணி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைக் காப்பியை முடித்துக்கொண்டு பரீட்சைத் தாள் கட்டைப் பிரித்த சமயத்தில், என்னுடைய பழைய மாணவன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். தோளில் ஒரு தோல் பை. வகுப்பில் இருந்த காலத்தில் அவனுக்குக் கணக்கு வராது. ஆனால் வேடிக்கை பார்ப்பதில் அவனுக்கு நிகர் அவனே. ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதென்று தெரியவேண்டுமானால் நான் அவனைத்தான் கேட்பது வழக்கம். அப்படிப்பட்ட பிள்ளை பையைத் திறந்து ஒரு காமிராவை எடுத்தபோது எனக்கு ஆச்சரியம் ஒன்றும் உண்டாகவில்லை.

"சார், இது எங்கள் சித்தப்பா வைத்திருந்தது. பிலிம் போடுகிற காமிரா. நன்றாக வேலை செய்கிறது. எது சார் ரொம்ப நல்ல பிலிம்?" என்று கேட்டான்.

"யாரைப் படம் எடுக்கப் போகிறாய்?"

"அப்பத்தாவை, சார்."

அவனுடைய அப்பத்தாவை நானும் அறிவேன். முப்பது வருஷத்துக்கு மேலாக, பொழுது விடிவதற்கு முன்பே ஜீப்பில் நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் உள்ள தோட்டங்களுக்குப் போய் ஏலக்காய் பறித்து, இருட்டுகிற நேரத்தில் வீடு திரும்புகிறவள். இப்போது முழங்கால் ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பருவத்தோடு மலைக்கு முழுக்குப் போட்டுவிடப் போகிறாளாம். அதற்குள் தோட்டத்திலேயே வைத்து அவளைப் படம் எடுத்துவிட வேண்டும் என்பது பையனுடைய ஆசை. செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களெல்லாம் சென்ற வருஷம் போன் தண்ணீரில் விழுந்ததோடு போய்விட்டன. "கையிலே பிடித்துப் பார்க்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் சார். ஒரு பிலிம் சுருளுக்குத்தான் பணம் இருக்கிறது," என்றான்.

ஒரு சுருள் என்றால் முப்பத்தாறு படம். ஒரே ஒரு நாள். ஒரே ஒரு அப்பத்தா. விஷயம் விளையாட்டல்ல என்று எனக்குப் பட்டது. பரீட்சைத் தாளைக் கட்டி வைத்துவிட்டேன்.

"எது நல்ல பிலிம்?" என்ற கேள்வி, "எது நல்ல மருந்து?" என்ற கேள்வியைப் போன்றது. வியாதியைச் சொன்னால்தான் மருந்தைச் சொல்லலாம். எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறோம், எந்த நிறம் தவறாமல் வரவேண்டும், யார் கையில் பிரிண்டு போடப் போகிறோம் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால், பிலிமின் பெயர் தானாகவே வந்துவிடும். அன்று அவனுக்குச் சொன்னதை நேயர்களுக்கும் சொல்லிவைக்கிறேன். வீட்டு அலமாரியில் தூங்கும் பழைய காமிராவைத் தூசு தட்டி எடுக்கும் பிள்ளைகள் இப்போது பல ஊர்களிலும் காணப்படுகிறார்கள்.

பிலிமுக்குள் இருப்பது

வர்ணப் பிலிம் என்பது பார்வைக்கு ஒரு நாடாவாக இருந்தாலும், அதன் மேல் மூன்று படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசப்பட்டிருக்கின்றன. ஒரு படலம் நீல ஒளியை ஏற்கும். ஒன்று பச்சையை ஏற்கும். மற்றொன்று சிவப்பை ஏற்கும். உலகத்தில் உள்ள சகல வர்ணங்களையும் இந்த மூன்று கணக்குப்பிள்ளைகளும் தங்களுக்குள் பங்கு பிரித்து எழுதிக்கொள்கிறார்கள். மருந்து நீரில் கழுவும்போது நீலக் கணக்கு மஞ்சள் சாயமாகவும், பச்சைக் கணக்கு கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகவும், சிவப்புக் கணக்கு நீலப்பச்சையாகவும் மாறும். ஆகவேதான் நெகடிவைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தால், பச்சைப்பசேலென்ற ஏலத்தோட்டம் ஊதா நிறமாகத் தெரிகிறது. அதன் மேல் ஆரஞ்சு நிறம் ஒன்று ஓடுவதையும் பார்க்கலாம். சாயங்களில் உள்ள குறைகளை ஈடு செய்வதற்காகச் செய்தவர்களே சேர்த்து வைத்தது அது. பிலிம் கெட்டுவிட்டது என்று யாரும் பயப்படவேண்டாம்.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை விளங்கும். நெகடிவில் இருப்பது வர்ணமல்ல, வர்ணத்தின் கணக்கு. அந்தக் கணக்கை மறுபடி வர்ணமாகப் படித்துச் சொல்லுகிறவர் பிரிண்டு போடுகிறவர். ஆகவே படத்தின் நிறத்தில் பாதி மலையிலே தீர்மானமாகிறது; மறுபாதி இருட்டறையிலோ, இப்போதெல்லாம் கணினித் திரையின் முன்னாலோ தீர்மானமாகிறது.

மலையின் வெளிச்சம்

போடியின் கடைவீதியில் உச்சி வெயிலில் படம் எடுப்பது கஷ்டமான காரியமல்ல. வேகம் 100 என்று குறித்த பிலிமைப் போட்டு, வில்லைத் துவாரத்தை எஃப் 16-இல் வைத்து, 1/125 விநாடியில் தட்டினால் படம் விழுந்துவிடும். ஆனால் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மெட்டுக்குப் போய்விட்டால் கதை வேறு. அங்கே காலையில் மஞ்சு வந்து மலையை மூடிக்கொள்ளும். ஏலச்செடியோ வெயிலுக்கு ஆகாத செடி. பெரிய மரங்களின் நிழலில்தான் வளரும். அதன் இலைகள் ஆள் உயரத்துக்கு மேலே போய்விடும். காயோ தூரிலிருந்து தரையோரமாக ஓடும் சரங்களில் காய்க்கும். காய் பறிக்கிறவள் குனிந்தோ, குந்தியோதான் பறிக்கவேண்டும். மேகம், மரம், செடி ஆகிய மூன்று கூரைகளுக்கும் அடியில் அவள் முகம் இருக்கிறது!

வெளிச்சம் ஒருமுறை பாதியானால் அதைப் புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் குறைந்தது என்பார்கள். மழைக்கால மூட்டத்தில், இலைகளுக்கு அடியில், வெயிலைக் காட்டிலும் ஆறு ஸ்டாப் குறைந்துவிடலாம். அதாவது அறுபத்து நாலில் ஒரு பங்கு வெளிச்சமே மிஞ்சும். அப்படிப்பட்ட இடத்தில் 100 வேகப் பிலிமுக்கு எஃப் 2 துவாரமும் 1/125 விநாடியும் வேண்டும். எல்லா வில்லைகளிலும் அவ்வளவு அகலமான துவாரம் இராது. 400 வேகப் பிலிம் நாலு மடங்கு சுருசுருப்பு உள்ளதாகையால், எஃப் 4 போதும். ஆகவே வேகத்தைப் பற்றிய சந்தேகம் தீர்ந்தது: தோட்டத்துக்குள் 400.

வெளிச்சத்தின் அளவு ஒரு விஷயம். அதன் நிறம் மற்றொரு விஷயம். பகல் வெளிச்சத்துக்கு என்று செய்த பிலிம், நடுப்பகல் வெள்ளை ஒளியை, விஞ்ஞானிகள் ஏறக்குறைய 5,500 கெல்வின் என்று குறிக்கும் ஒளியை, வெள்ளையென்று கொள்ளும்படி அமைந்தது. நிழலில் விழும் வான வெளிச்சம் அதைவிட நீலமானது. இலைகளின் ஊடே வடிந்து வரும் வெளிச்சம் பச்சையானது. காய் உலர்த்தும் ஸ்டோரில் எரியும் பழைய குண்டு பல்பின் வெளிச்சம் மஞ்சளானது. நம் கண்ணுக்கு இந்த வித்தியாசம் தெரிவதில்லை. வெள்ளைச் சேலை எங்கே இருந்தாலும் அது வெள்ளைதான் என்று மூளை தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. பிலிமுக்கு அந்தப் பட்சபாதம் கிடையாது. இலை வெளிச்சம் முகத்தில் விழுந்தால், முகம் பச்சை என்றே அது எழுதிக்கொள்ளும்.

இதற்குப் பரிகாரம் பணச் செலவில்லாதது. மரக்கூரையில் ஓர் இடைவெளி உள்ள இடமாகப் பார்த்து, அந்தப் பக்கம் முகம் திரும்பும்படி ஆளை உட்கார வைக்கவேண்டும். எதிரே ஒரு வெள்ளை வேட்டியை இரண்டு பேர் விரித்துப் பிடித்துக்கொண்டால், அதில் பட்டுத் திரும்பும் ஒளி முகத்தில் உள்ள பச்சையை மட்டுப்படுத்தும். ஆனால் வேட்டி நீலம் போடாத வேட்டியாக இருக்கட்டும். நம் வீட்டுப் பெண்கள் வெளுப்பாகத் தெரியவேண்டும் என்று முக்கியெடுக்கும் நீலம், படத்தில் முகத்துக்கு ஏறிவிடும்.

கடையில் கிடைப்பவை

இப்போது கிடைக்கும் வர்ணப் பிலிம்களை இரண்டு ஜாதியாகப் பிரிக்கலாம். ஒன்று நெகடிவ், மற்றது ஸ்லைடு. ஸ்லைடு பிலிமைக் கழுவியதும் அதிலேயே நேரான வர்ணப் படம் தெரியும். 1990-இல் வெளிவந்த பூஜியின் வெல்வியாவைக் கண்டு மயங்காத இயற்கைப் புகைப்படக்காரர்கள் குறைவு. பச்சை அதில் அவ்வளவு கொழுமையாக வரும். ஆனால் ஸ்லைடு மன்னிக்கத் தெரியாத எஜமான். வெளிச்சக் கணக்கில் அரை ஸ்டாப் பிசகினாலும் முகத்திலே காட்டிவிடும். ஒரு சுருளும் ஒரு நாளும் மட்டும் கையில் உள்ளவர்கள் அதன் பக்கம் போகக்கூடாது.

நெகடிவ் அப்படியல்ல, முக்கியமாக வெளிச்சம் கொஞ்சம் மிஞ்சிப் போவதைப் பொறுத்துக்கொள்ளும். குறைந்து போவதைத்தான் பொறுக்காது, நிழல்கள் சேறாகிவிடும். ஆகவே நெகடிவ் போடுகிறவர்கள், மீட்டர் சொல்வதற்கு மேலே ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுப்பது உத்தமம். கோடாக் கம்பெனியின் கோல்ட் 200 கொஞ்சம் மஞ்சள் பூசினாற்போல் இதமாக இருக்கும். திறந்த வெளிக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் ஏற்றது. 2008-இல் வந்த எக்டார் 100 மணி மணியான நுணுக்கமும் அழுத்தமான வர்ணமும் உடையது, மலைக்காட்சிக்கு நல்லது. ஆனால் நம்மவர்களுடைய மாநிறத்தையும் கறுப்பையும் அது சற்றே சிவக்க அடித்துவிடும், வெளிச்சம் குறைந்தால் இன்னும் அதிகமாக. மனித முகத்தை உத்தேசித்தே செய்தது போர்ட்ரா. அதன் 400 வேகப் பிலிமையே பையனுக்குச் சொன்னேன். விலை அதிகந்தான். ஆனால் அப்பத்தாவின் முகத்தில் சிக்கனம் பிடிக்கலாமா?

சொன்ன பெயர்களெல்லாம் அயல்நாட்டுப் பெயர்களாகவே இருப்பதைக் கண்டு நேயர்கள் சிலருக்கு மனம் வருந்தலாம். எனக்கும் வருந்துகிறது. சுதந்திர பாரதம் இந்தக் காரியத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருந்துவிடவில்லை. நம்முடைய நீலகிரியில், உதகமண்டலத்தில், மத்திய சர்க்கார் 1960-இல் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் கம்பெனியை நிறுவியது. 1967-இல் உற்பத்தி தொடங்கியது. 'இந்து' என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு-வெள்ளைப் பிலிம் எத்தனையோ கல்யாணங்களையும் பள்ளிக்கூடக் குழுப் படங்களையும் கண்டது. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே பிலிமும் அங்கிருந்து போயிற்று. தொழிற்சாலையைச் சுற்றி எழுந்த பகுதிக்கு இந்து நகர் என்றே பெயர். வர்ணப் பிலிமின் வேகத்துக்கும், அதன்பின் டிஜிட்டல் வெள்ளத்துக்கும் அதனால் ஈடுகொடுக்க முடியவில்லை. 1990-களில் நலிவடைந்து, கடைசியில் மூடப்பட்டது. நகரம் இருக்கிறது, இந்து இல்லை.

கழுவும் இடம்

பிலிமை வாங்குவதற்கு முன்பே, அதைக் கழுவும் இடம் எதுவென்று நிச்சயித்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஒரு பெரிய திருஷ்டாந்தம் உண்டு. 1935-இல் பிறந்த கோடாக்குரோம் என்னும் ஸ்லைடு பிலிம், உலகப் புகழ் பெற்றது. அதைக் கழுவும் முறை மிகவும் சிக்கலானது; சில கூடங்களால் மட்டுமே முடியும். 2009-இல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள். கடைசிச் சுருளைப் பெற்றுக்கொண்ட ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரர், அதில் ஒரு பகுதியை நம் இந்தியாவிலே எடுத்தார். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாகாணத்தில் பார்ஸன்ஸ் என்ற சிற்றூரில் இருந்த ஒரு கூடமே அதைக் கழுவும் கடைசி இடமாக மிஞ்சியது. 2010 டிசம்பர் 30-ந் தேதியோடு அதுவும் சுருள்களை ஏற்பதை நிறுத்திக்கொண்டது. அதற்குப் பிறகு, படம் எடுத்து வைத்தும் அனுப்பாமல் இருந்துவிட்டவர்கள் பாடு என்ன? வர்ணத்தோடு கழுவித் தருவார் இல்லாமல், அருமையான பிலிம் வெறும் நாடாவாகிவிட்டது.

நெகடிவுக்கு அந்தக் கதி வரவில்லை. சி-41 என்ற ஒரே முறையில்தான் எல்லாக் கம்பெனிகளின் வர்ண நெகடிவும் கழுவப்படுகிறது. ஆனால் அதிலும் பக்குவம் உண்டு. முதல் மருந்து நீர் 38 டிகிரி சென்டிகிரேடுக்கு ஒட்டி இருக்கவேண்டும். அதில் பிலிம் மூன்று நிமிஷம் பதினைந்து விநாடி இருக்கவேண்டும். கால் டிகிரி தவறினாலே வர்ணத்தின் சமநிலை ஆடத் தொடங்கும். ஏலக்காய் ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகத் தோன்றாது. அங்கே ஒரு நாள் போல, 45 முதல் 55 டிகிரி உஷ்ணத்தில், ராவெல்லாம் கண் விழித்துக் காயை உலர்த்துகிறார்கள். சூடு ஏறிவிட்டால் காய் வெடிக்கும். பச்சை போய்ப் பழுப்பாகும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஏறத்தாழ ஒரு கிலோவாக வற்றும் அந்த நேரத்தில்தான் நிறம் நிலைப்பதும் போவதும். பிலிம் கழுவுகிறவரும் ஒருவகை ஸ்டோர்க்காரர்தான்.

போடியிலும் தேனியிலும் உள்ள ஸ்டூடியோக்காரர்கள் பிலிமை விட்டு வெகுகாலமாகிறது. ஆகவே பெரிய நகரத்துக் கூடங்களுக்குப் பார்சலில்தான் அனுப்பவேண்டும். அனுப்பும் வரையில் சுருளை ஜீப்பின் முன்பலகையில் வெயிலில் வைக்கக்கூடாது. குளிர்ப் பெட்டியில் வைத்திருந்தால், வெளியே எடுத்து இரண்டு மணி நேரம் கழித்தே டப்பியைத் திறக்கவேண்டும். அவசரப்பட்டால் பிலிமின் மேல் பனி வியர்க்கும்.

அப்பாவின் படம்

இனிமேல் சொல்லப் போவது என் சொந்த அநுபவம். இதற்காகத்தான் இந்த வியாசத்தையே எழுத உட்கார்ந்தேன்.

என் தகப்பனார் போடியில் ஓர் ஏலக்காய் மண்டியில் கணக்கெழுதி வந்தார். ஏலத்தை ஏலம் விடும் ஊரல்லவா இது? அப்பாவின் கண் மண்டிக்காரர்களிடையே பிரசித்தம். வெள்ளைத் தாளில் ஒரு கை காயைக் கொட்டி, ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்து, எந்தப் பக்கத்துத் தோட்டம், எத்தனை நாள் சரக்கு, ஸ்டோரில் சூடு மிஞ்சியதா என்றெல்லாம் சொல்லிவிடுவார். டியூப் லைட்டின் கீழே பார்த்து அவர் ஒரு நாளும் விலை சொன்னதில்லை.

1993-இல் என் தாய்மாமன் ஒரு காமிரா வாங்கினார். எல்லோரும் மெட்டுக்குப் போனோம். ஏலச்செடிகளுக்கு நடுவே அப்பாவை நிறுத்தி, இரண்டு கையிலும் உலர்ந்த காயை அள்ளிக் கொடுத்து, மாமா ஒரு படம் எடுத்தார். அப்பா அபூர்வமாகச் சிரித்த நாள் அது. பத்து நாளில் பிரிண்டு வந்தது. முகம் கள் குடித்தவர் முகம் போலச் சிவந்து கிடந்தது. கையில் இருந்த முதல் தரமான பச்சைக்காய், வைக்கோல் நிறத்தில் இருந்தது. அப்பா படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். "போன வருஷத்துச் சரக்கு. பாதி விலைகூடத் தேறாது," என்று சொல்லி மேஜைமேல் வைத்துவிட்டார். பிறகு அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. மாமா பிலிமைத் திட்டினார். நாங்களும் சேர்ந்து திட்டினோம்.

2009-இல் அப்பா காலமானார். அவருடைய பெட்டியில், கணக்கு நோட்டுகளுக்கு அடியில், அந்த நெகடிவ் உறை இருந்தது. படத்தை வேண்டாமென்று ஒதுக்கியவர், நெகடிவை மட்டும் பத்திரப்படுத்தியிருக்கிறார்! கணக்குப்பிள்ளைக்கு அசல் ரசீது எது என்று தெரியாமற் போகுமா?

மதுரையில் அப்போது பிரிண்டு போடும் கூடம் ஒன்றில் ஒரு முதியவர் வேலை செய்து வந்தார். நெகடிவைப் பார்த்ததும் அவர் சொன்ன விளக்கம் என் கண்ணைத் திறந்தது. பிரிண்டு போடும் இயந்திரம் ஒவ்வொரு படத்திலும் உள்ள வர்ணங்களையெல்லாம் கூட்டி வகுத்தால் சராசரி சாம்பல் நிறம் வரும் என்று எண்ணிக்கொண்டு வேலை செய்கிறது. தெருவையோ வீட்டையோ எடுத்த படங்களுக்கு இது பொருந்தும். ஆனால் படம் முழுவதும் பச்சையாக இருந்தால்? பச்சை மிஞ்சிவிட்டது என்று இயந்திரம் தானாக முடிவு செய்து, அதைக் குறைப்பதற்காக எதிர் நிறமான ஊதாச் சிவப்பைக் கூட்டிவிடும். காட்டின் பச்சை குறையும், அதோடு சேர்ந்து காயின் பச்சை செத்துப்போகும், முகம் சிவக்கும். தப்பு பிலிமினுடையதல்ல. பார்க்கத் தெரியாத இயந்திரத்தின் அருகில், பார்த்துச் சொல்ல அன்று மனிதர் இல்லாமற் போனதே தப்பு.

மறுநாள் ஒரு பொட்டலத்தில் முதல் தரக் காய் கொஞ்சம் கட்டி எடுத்துப் போனேன். அவர் அதை மேஜைமேல் பரப்பிக்கொண்டு, இயந்திரத்தின் சொந்த புத்தியை ஒதுக்கிவைத்து, சாவிகளைத் தட்டித் தட்டி ஐந்து சிறு பிரதிகள் போட்டார். ஒவ்வொன்றையும் வாசலுக்குக் கொண்டுவந்து காய்க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நாலாவது பிரதியில் காய் பச்சையாயிற்று. அந்த க்ஷணமே அப்பாவின் முகமும் அப்பாவின் முகமாயிற்று. பதினாறு வருஷமாக அந்த நெகடிவுக்குள் அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். அவர் உயிரோடிருந்த காலத்தில் நூறு ரூபாய்க்குள் முடிந்திருக்கக்கூடிய காரியம். நாங்கள் பிலிமைத் திட்டிக்கொண்டிருந்துவிட்டோம்.

பிரிண்டு போடச் சொல்லும் முறை

இப்போது பெரும்பாலும் நெகடிவை ஸ்கானரில் படித்துக் கணினியில் ஏற்றி, அதிலிருந்துதான் காகிதத்தில் போடுகிறார்கள். ஆனாலும் பழைய இயந்திரத்தின் சராசரிப் புத்தி புதிய ஸ்கானருக்கும் உண்டு. ஆகவே பையனுக்கு ஒரு காகிதத்தில் பின்வருமாறு எழுதிக் கொடுத்தேன்.

முதலாவது: தோட்டத்தில் எடுக்கும் முதல் படத்தில், அப்பத்தா அந்த நீலம் போடாத வேட்டியைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். உலர்ந்த காயைப் போலப் பச்சைக்காயைப் பொட்டலம் கட்டி அனுப்ப முடியாது. வழியிலேயே நிறம் மாறிவிடும். வேட்டியோ படத்துக்குள்ளேயே சாட்சியாகப் போய்ச் சேரும். அதை வெள்ளையாக்கும் திருத்தம் எதுவோ, அதே திருத்தத்தை அதே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கும் செய்யும்படி கூடத்துக்குக் கடிதம் எழுதவேண்டும். 'பச்சையைக் குறைக்கவேண்டாம், இது ஏலத்தோட்டம்' என்று ஒரு வரியும் சேர்க்கவேண்டும்.

இரண்டாவது: முப்பத்தாறையும் பெரிதாகப் போடச் சொல்லி ஏமாறவேண்டாம். சிறு பிரதிகள் வரட்டும். அவற்றைப் பகலில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்து, தேறியதை மட்டும் பெரிதாக்கலாம்.

மூன்றாவது: அளவு. 35 மில்லிமீட்டர் பிலிமின் படம் 24-க்கு 36. அதாவது இரண்டுக்கு மூன்று. ஆகவே நாலுக்கு ஆறும், எட்டுக்குப் பன்னிரண்டும் முழுப் படத்தைக் காட்டும். எட்டுக்குப் பத்து என்று கேட்டால், நீளத்தில் ஆறில் ஒரு பங்கை வெட்டிவிடுவார்கள். அந்தப் பங்கில் அப்பத்தாவின் கூடை இருந்தால் அதோ கதிதான். எட்டுக்குப் பன்னிரண்டு தெளிவாக வர, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம், ஸ்கான் 2,400-க்கு 3,600 புள்ளியாவது இருக்கவேண்டும்.

நாலாவது: நெகடிவை அவசியம் திருப்பிக் கேட்கவேண்டும். ஸ்கான் கோப்பு மட்டும் போதும் என்று சில கூடங்கள் சொல்லும், கேட்கக்கூடாது. 1970-களில் எடுத்த கல்யாணப் படங்கள் பல வீடுகளில் இன்று செம்மண் நிறமாகிவிட்டதைப் பார்க்கிறோம். நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறி, சிவப்பு மட்டும் மிஞ்சியதன் பலன் அது. பிரிண்டு வெளிறினால் நெகடிவிலிருந்து இன்னொன்று போடலாம். நெகடிவ் தொலைந்தால் யாரிடம் போய்க் கேட்பது? உலர்ந்த இடத்தில், உறையில், இருட்டில் வைக்கவேண்டும். பசை தடவிய ஆல்பமும், வெயில் படும் சுவரும் பிரிண்டுக்குப் பகை.

அப்பத்தாவின் தீர்ப்பு

புரட்டாசியில் படம் எடுத்தான். ஐப்பசிக் கடைசியில் உறை வந்தது. முப்பத்தாறில் பதினொன்று ஆட்டம் கண்டுவிட்டன. ஏழு மஞ்சில் மறைந்துபோயின. அதைப் பற்றி யாரும் வருந்தவில்லை. வேட்டியைக் கூட்டத்துக்குக் கொடி காட்டுகிறவளைப் போலப் பிடித்துக்கொண்டு நின்ற முதல் படத்தைப் பார்த்து வீடே சிரித்தது.

தேறியவற்றுள் ஒன்றை எட்டுக்குப் பன்னிரண்டாகப் போட்டு அப்பத்தாவிடம் கொடுத்தபோது நானும் உடனிருந்தேன். அதில் அவள் குந்தியிருக்கிறாள், மடியில் கூடை, கூடை நிறையக் காய். கிழவி படத்தை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். தன் முகத்தை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை. கூடையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு மூலையில் விரலை வைத்தாள்.

"டேய், இந்தப் பக்கம் கெடக்கிறது பூராப் பிஞ்சுடா. இத நான் பறிக்கல. பக்கத்து நெரையில அந்தப் புதுப்புள்ள பறிச்சு எங் கூடையில கொட்டிருச்சு."

பையன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முற்றின காய்க்கும் முற்றாத காய்க்கும் உள்ள பச்சை வித்தியாசம், முப்பது வருஷம் பறித்த கண்ணுக்குக் காகிதத்திலே தெரிகிறதென்றால், அந்தப் பிரிண்டுக்கு வேறு நற்சாட்சிப் பத்திரம் எதற்கு?

என் அப்பா இருந்திருந்தால் அந்தப் படத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்லியிருப்பார்.